ஸ்னோபைக் டிராக்கின் எடையைக் குறைத்து நெகிழ்வாக்குவது எப்படி?

டர்ட் பைக்கின் முன் சக்கரத்தைக் கழற்றி ஒரு ஸ்கீயையும் (சறுக்குப் பலகை), பின் சக்கரத்துக்குப் பதில் ஒரு ரப்பர் டிராக்கையும் மாட்டினால் அது ஸ்னோபைக். 450 சிசி எஞ்சின் சாதாரணமாக ஒரு டயரைச் சுழற்றும். இங்கே அதே எஞ்சின் 3 மீட்டருக்கு மேல் நீளமுள்ள தடித்த ரப்பர் பட்டை ஒன்றை இழுக்க வேண்டியிருக்கிறது. பனிச்சறுக்கு வண்டிகளில் (ஸ்னோமொபைல்) இருப்பதுபோல இருமடங்கு சக்தி இங்கே கிடையாது. அதனால் டிராக்கில் வீணாகும் சக்தி ஓட்டுபவரின் கைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கொஞ்ச நாள் ஓட்டியவர்கள் எல்லாரும் கத்தியையும் டிரில்லையும் எடுத்துக்கொண்டு டிராக்கைப் பார்ப்பது இதனால்தான்.

வெட்டலாம், தப்பில்லை. ஆனால் டிராக்கிலிருந்து நீங்கள் எடுக்கும் ரப்பரின் எடை பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உண்மையான லாபம் டிராக் எளிதாக வளைவதிலும், பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் உதறிவிடுவதிலும் இருக்கிறது. இதை மனதில் வைத்தால் எங்கே வெட்டுவது, எங்கே கை வைக்கவே கூடாது என்பது தானாகத் தெளிவாகும்.

முதலில் கணக்கு

வண்டியின் மற்ற பாகங்களில் குறையும் ஒரு கிலோவும் டிராக்கில் குறையும் ஒரு கிலோவும் ஒன்றல்ல. டிராக் வண்டியோடு முன்னே போகிறது, அதோடு தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. தரையைத் தொடும் பகுதி நிற்கிறது, மேல் பகுதி வண்டியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் ஓடுகிறது. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் டிராக்கின் ஒவ்வொரு கிலோவும் முடுக்கத்தின்போது இரண்டு கிலோவாகக் கணக்கில் வரும். அதனால்தான் டிராக்கில் எடை குறைப்பது கவர்ச்சியாகத் தெரிகிறது.

இப்போது எவ்வளவு குறையும் என்று பார்ப்போம். டிராக்கின் வெளிப்புறத்தில் லக் எனப்படும் துடுப்புகள் வரிசை வரிசையாக இருக்கும், ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்தான் பிட்ச். 129 அங்குல டிராக், 3 அங்குல பிட்ச் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 43 வரிசை. ஒவ்வொரு வரிசை இடைவெளியிலும் 20 மி.மீ. விட்டத்தில் நான்கு துளை போட்டால் மொத்தம் 172 துளை. பட்டையின் தடிமன் 6 மி.மீ., ரப்பரின் அடர்த்தி ஒரு கன செ.மீ.-க்கு 1.15 கிராம் என்றால், ஒரு துளையில் போவது சுமார் 2.2 கிராம். மொத்தமாகப் பார்த்தால் 370 கிராம். இரண்டால் பெருக்கினாலும் முக்கால் கிலோ தேறாது. ஒரு நாள் முழுக்கத் துளை போட்டதற்கு இது சுமாரான கூலிதான்.

ஆனால் லக்குகளுக்கு நடுவே இறுகிப்போன பனியின் கணக்கு வேறு. 28 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளம், 5 செ.மீ. ஆழம் உள்ள ஒரு இடைவெளியில் 700 கன செ.மீ. பனி அடங்கும். இறுகிய பனியின் அடர்த்தி தண்ணீரில் பத்தில் நான்கு பங்கு என்று கொண்டால் அது 280 கிராம். 43 இடைவெளிகளில் 15 மட்டும் அடைத்துக்கொண்டாலே 4 கிலோவுக்கு மேல் சும்மா சுமந்து சுற்றுகிறீர்கள். நெகிழ்வான டிராக், அதைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டிலும் டிராக்குக்குள் பின்முனையில் இருக்கும் பின் சக்கரத்திலும் திரும்பும்போது லக்குகள் நன்றாக விரிந்து இந்தப் பனியை உதிர்த்துவிடும். விறைப்பான டிராக் அப்படியே வைத்திருக்கும். 370 கிராம் ரப்பரா, 4 கிலோ பனியா என்று கேட்டால் என் ஓட்டு பனிக்குத்தான்.

டிராக்கின் உடல் அமைப்பு

கத்தி வைக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள்தான் லக். ஸ்னோபைக் டிராக்குகளில் இவை 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலம் வரை உயரமாக இருக்கும். பட்டையின் உள்ளே துணி அடுக்கு உண்டு, நீளவாக்கில் வரும் இழுவையைத் தாங்குவது அதுதான். ஓர் அடுக்கு துணி உள்ள டிராக் லேசாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். இரண்டு அடுக்கு உள்ளது உறுதியாகவும் விறைப்பாகவும் இருக்கும். குறுக்குவாக்கில் ஒவ்வொரு லக் வரிசைக்கும் கீழே கண்ணாடி இழை ராட் ஒன்று ஓடுகிறது. உட்புறத்தில் ஸ்ப்ராக்கெட் பிடித்துத் தள்ளும் டிரைவ் லக்குகள் இருக்கும். சில மாடல்களில் ஜன்னல் துளைகளும் அவற்றின் ஓரத்தில் உலோகக் கிளிப்புகளும் இருக்கும். ஸ்லைடு எனப்படும் பிளாஸ்டிக் பட்டை இந்தக் கிளிப்புகள் மேல்தான் வழுக்கி ஓடுகிறது.

நெகிழ்வு என்று பொதுவாகச் சொன்னாலும் அது இரண்டு வகை. ஒன்று நீளவாக்கு நெகிழ்வு. சக்கரங்களைச் சுற்றி டிராக் எவ்வளவு சுலபமாக வளைகிறது என்பது. இது ராட்டுக்கும் ராட்டுக்கும் நடுவில் உள்ள வெற்றுப் பட்டையைப் பொறுத்தது. இன்னொன்று குறுக்குவாக்கு நெகிழ்வு. வண்டி சாயும்போது டிராக்கின் ஓரம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பது. இதை முடிவு செய்வது ராட்டின் நீளமும் ஓரத்து லக்கின் வடிவமும். துளை போட்டால் முதலாவது மாறும், இரண்டாவது அவ்வளவாக மாறாது. வண்டி சாய மறுக்கிறது என்று நடுவில் துளை போடுகிறவர்கள் நிறைய பேர். அதனால் அந்தக் குறை தீராது.

எந்தப் பனிக்கு?

ஆழமான தூள் பனியில் ஓட்டுபவருக்கு உயரமான லக் வேண்டும். அங்கே லக்கை வெட்டினால் மிதப்பும் பிடிப்பும் போகும். அவருக்கு ஏற்றது துளையும் உராய்வுக் குறைப்பும்தான். இறுகிய பாதையிலோ பந்தயத் தடத்திலோ ஓட்டுபவருக்கு 3 அங்குல லக் வெறும் சுமை. கெட்டித் தரையில் அது மடங்கி மடங்கி வண்டியை ஆட்டும். ஓரத்து லக் வண்டி சாய்வதைத் தடுக்கும். 2017-இல் ஆஸ்பெனில் நடந்த எக்ஸ் கேம்ஸில் ஸ்னோ பைக்கிராஸ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. மோட்டோகிராஸ் பாணியில் தாவல்களும் திருப்பங்களும் உள்ள அப்படிப்பட்ட தடத்தில் ஓட்டுபவருக்கும், மலைச்சரிவில் இடுப்பளவு பனியில் ஏறுபவருக்கும் ஒரே டிராக் பொருந்தாது.

இரண்டு வகைப் பனியிலும் ஓட்டுகிறீர்கள் என்றால் லக்கைத் தொடாதீர்கள். வெட்டிய லக் திரும்ப வளராது.

படி 1: வெட்டாமல் கிடைப்பதை முதலில் எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, செயினைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்பிரிங் தராசை லக்கில் மாட்டி டிராக்கை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சீரான வேகத்தில் நகர்த்த எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்தான் இனி உங்கள் அளவுகோல். எந்த மாற்றம் செய்தாலும் அதே வெப்பநிலையில் இதையே திரும்ப அளக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைக்கும். காலையில் வெளியே ஒரு அளவும், மாலையில் சூடான கொட்டகையில் ஒரு அளவும் எடுத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

அப்புறம் டென்ஷன், அதாவது டிராக்கின் இறுக்கம். பெரும்பாலான டிராக்குகள் தேவையைவிட இறுக்கமாகவே ஓடுகின்றன. டிராக் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிவிடுகிறோம். இறுக்கம் கூடக்கூட ஸ்லைடில் உராய்வு, பேரிங்கில் சுமை, வளைவில் இழப்பு எல்லாம் கூடும். டர்ட் பைக்கை ஸ்னோபைக்காக மாற்றும் கிட்டின் கையேட்டில் எந்த இடத்தில் எவ்வளவு எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்வு இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதன்படி சரியாக வைத்துவிட்டு மீண்டும் தராசில் இழுத்துப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஸ்லைடு தேய்ந்து கிளிப்பின் தடம் பள்ளமாக விழுந்திருந்தால் மாற்றுங்கள். டிராக்கின் உட்புறத்தில் உருளும் சிறு சக்கரங்களான ஐட்லர் வீல்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போச்சு. டிராக் ஒரு பக்கமாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். உங்கள் கிட்டுக்குப் பெரிய விட்டமுள்ள பின் சக்கரம் கிடைக்கிறது என்றால் துளை போடுவதற்கு முன் அதை யோசியுங்கள். வளைவு பெரிதானால் டிராக் குறைவாக மடங்கும், மடங்குவதில் வெப்பமாகிப் போகும் சக்தியும் குறையும். ரப்பரில் ஒரு கீறல்கூட விழாமல் கிடைக்கும் லாபம் இது.

படி 2: கழற்றி, கழுவி, எடை போடுங்கள்

டிராக்கை வண்டியிலேயே வைத்துத் துளை போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பின் ஆக்ஸிலைத் தளர்த்தி, சஸ்பென்ஷனை இறக்கி, டிரைவ் ஷாஃப்ட்டை எடுத்து, டிராக்கை முழுசாக வெளியே எடுங்கள். ஸ்பேசர்கள் எந்தப் பக்கம் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒரு இரவாவது அறைச் சூட்டில் வையுங்கள். குளிர்ந்த ரப்பரை வெட்டினால் வெட்டு நேராக வராது, ஓரம் பிசிறும். காய்ந்ததும் எடை போட்டு எழுதி வையுங்கள்.

நெகிழ்வையும் இப்போதே அளக்கலாம். கிடைமட்டமாகப் பொருத்திய ஒரு இரும்புக் குழாயில் டிராக்கைத் தொங்கவிடுங்கள். அது ஒரு நீண்ட வளையமாகத் தொங்கும். அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் அந்த வளையத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். விறைப்பான டிராக் அகலமாகப் பிதுங்கி நிற்கும், நெகிழ்வானது ஒடுங்கித் தொங்கும். வேலை முடிந்தபின் அதே குழாயில், அதே உயரத்தில், அதே சூட்டில் மறுபடி அளந்தால் எவ்வளவு மாறியது என்று தெரிந்துவிடும்.

தொங்கும்போதே டிராக்கை முழுக்க ஆராயுங்கள். லக்கின் அடியில் வெடிப்பு, ராட் முனை ரப்பரைக் குத்திக்கொண்டு வெளியே வருவது, கிழிந்த ஓரம், தளர்ந்த கிளிப் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த டிராக்கை வெட்டாதீர்கள். ஏற்கெனவே பலவீனமான ஒன்றை மேலும் பலவீனப்படுத்துவதில் அர்த்தமில்லை.

படி 3: வரைபடமும் அச்சு அட்டையும்

துளை போட ஏற்ற இடம் ராட்டுக்கும் ராட்டுக்கும் சரியாக நடுவில் உள்ள வெற்றுப் பகுதி. ராட் கண்ணாடி இழை என்பதால் காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அது லக் வரிசைக்கு நேர் கீழே, கிளிப் இருக்கும் கோட்டில் ஓடும். சந்தேகமாக இருந்தால் டிராக்கை உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். மடங்காமல் கட்டையாக நிற்கும் கோடு ராட், சுருக்கம் விழும் கோடு வெற்றுப் பகுதி. சுருக்கக் கோட்டில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

3 அங்குல பிட்ச் என்றால் வரிசைக்கு வரிசை 76 மி.மீ. அதில் லக்கின் அடிப்பகுதி 25 மி.மீ. போக மீதி 50 மி.மீ. தேறும். 20 மி.மீ. துளை போட்டால் இரண்டு பக்கமும் 15 மி.மீ. ரப்பர் மிஞ்சும். அதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். 2.52 அங்குல பிட்ச் உள்ள டிராக் என்றால் மொத்த இடமே 64 மி.மீ.தான், துளையை 16 மி.மீ.-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை துளை என்பதற்கு நான் வைத்திருக்கும் வரம்பு இது: டிராக்கின் குறுக்கே எந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தாலும், ஜன்னல்கள் போக அந்தக் கோட்டில் உள்ள ரப்பர் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இழுவையைத் தாங்கும் துணி அந்த அகலத்தில்தான் இருக்கிறது. 28 செ.மீ. அகல டிராக்கில் 20 மி.மீ. துளை என்றால் ஒரு கோட்டில் இரண்டுதான் இந்த வரம்புக்குள் வரும். முதலில் போட்ட நான்கு துளைக் கணக்கு எடையைக் காட்ட மட்டும்தான். துளைகளை ஒரே கோட்டில் வைப்பதைவிட ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சில மி.மீ. தள்ளி வைத்தால் துளைகளுக்கு நடுவே கிழிசல் நேராக ஓட வழி இருக்காது.

வெளி ஓரத்திலிருந்து 30 மி.மீ., ஜன்னல் விளிம்பிலிருந்து 25 மி.மீ., டிரைவ் லக்கின் அடியிலிருந்து 20 மி.மீ. வரை எதையும் தொடாதீர்கள். டிராக் கிழிவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களிலிருந்துதான் தொடங்கும். உட்புறம் திருப்பி, ஸ்லைடு ஓடும் தடத்தையும் ஐட்லர் வீல் உருளும் தடத்தையும் குறித்துக்கொண்டு அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். துளையின் விளிம்பில் சக்கரம் ஏறி இறங்கினால் விளிம்பு சீக்கிரம் பிய்ந்துவிடும்.

இதெல்லாம் முடிவானதும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் ஒரு பிட்ச்சுக்கான அச்சு செய்துகொள்ளுங்கள். லக்கின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும்படி ஒரு ஓரத்தை வெட்டினால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே இடத்தில் உட்காரும். கண்ணளவில் குறிக்கக் கூடாது. ஏன் என்றால், 80 கி.மீ. வேகத்தில் 9 செ.மீ. ஆரமுள்ள ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும்போது, ஒரு இடத்தில் 10 கிராம் கூடுதலாக இருந்தால் அது 5 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே இழுக்கும். சமநிலை இல்லாத டிராக் கைப்பிடி வரை அதிரும்.

படி 4: துளை போடுதல்

பல் வைத்த ஹோல் சா இந்த வேலைக்கு ஆகாது. அது ரப்பரைப் பிய்த்து, துணி நூலை இழுத்துவிடும். முனை மட்டும் கத்திபோல் தீட்டிய பல்லில்லாத உருளைக் கட்டர் வேண்டும். டிராக்கில் ஸ்டட் (பிடிப்புக்கான உலோக ஆணி) மாட்ட விற்கும் சிறிய துளைப்பானின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கு துணி டிராக்குக்கு, சுத்தியலால் அடித்துத் துளையிடும் கூர்மையான பஞ்ச்சும் போதும்.

டிராக்கின் அடியில் ஒரு கெட்டியான மரக்கட்டையை வைத்து, லக் பக்கத்திலிருந்து உள்நோக்கி வெட்டுங்கள். டிரில்லின் வேகம் குறைவாக இருக்கட்டும். வேகம் கூடினால் ரப்பர் சூடாகிப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், புகையும் வரும். கட்டரை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள், எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். கட்டரின் உள்ளே வெட்டிய வில்லை மாட்டிக்கொள்ளும். அதை ஒவ்வொரு தடவையும் தள்ளி எடுங்கள்.

முதல் துளையை ஒரு பழைய டிராக் துண்டில் போட்டுப் பாருங்கள். வெட்டின் சுவரைக் கூர்ந்து பாருங்கள். மேலே கறுப்பு ரப்பர், நடுவில் வெளுத்த நூல்களின் மெல்லிய கோடு, கீழே மறுபடி ரப்பர். அந்த வெளுத்த கோடு சுத்தமாக நறுக்கப்பட்டு ரப்பரோடு சமமாக இருந்தால் கட்டர் சரி. நூல் நீட்டிக்கொண்டு பஞ்சுபோல் இருந்தால் கட்டர் மழுங்கிவிட்டது, தீட்டுங்கள். ஒரு டிராக்குக்குள் பலமுறை தீட்ட வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். முதலில் வரிசைக்கு இரண்டு மட்டும், டிராக் முழுக்க. மாட்டி, தராசில் இழுத்து, ஓட்டிப் பார்த்து, போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். பெரும்பாலும் போதும்.

வெட்டிய சுவரில் நூல் தெரியும் இடத்தில் தண்ணீர் ஊறி, உறைந்து, அடுக்கைப் பிரிக்கும். நீட்டிய நூலைச் சிறிய கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, டியூப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மெல்லிய பூச்சாக ஒரு கை தடவிக் காயவிடுங்கள். நூலை நெருப்பால் பொசுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பக்கத்து ரப்பரும் சேர்ந்து பொசுங்கி, அங்கிருந்தே வெடிப்பு தொடங்கும்.

படி 5: லக் குறைப்பு

கெட்டிப் பனியில் ஓட்டுபவருக்கு மட்டும் இந்தப் படி. 43 வரிசையிலும் லக்கின் உயரத்தை 5 மி.மீ. குறைத்தால், லக்கின் நுனித் தடிமன் 8 மி.மீ., வரிசைக்கு 20 செ.மீ. நீளம் என்ற கணக்கில் 400 கிராம் போகும். அதாவது எல்லாத் துளைகளும் சேர்ந்து தந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். எடை மட்டும்தான் நோக்கம் என்றால் லக்கில்தான் இருக்கிறது. ஆனால் அந்த 5 மி.மீ. ஆழப் பனியில் உங்களை மேலே தூக்கிப் பிடித்த 5 மி.மீ.

உயரத்தை நேராகச் சீவ, லக்கின் இரண்டு பக்கமும் மரப்பட்டை வைத்து இறுக்கி, பட்டையின் மேல் விளிம்பை வழிகாட்டியாக வைத்து நீளமான கூர்மையான கத்தியால், சோப்புத் தண்ணீர் தடவி, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டினால் வெட்டு படிக்கட்டுபோல் வரும்.

வண்டி சுலபமாகச் சாய வேண்டும் என்றால் நடு லக்கை விட்டுவிட்டு ஓரத்து லக்கின் வெளி மூலையை மட்டும் வட்டமாக வெட்டுங்கள். மூலையில் 10 மி.மீ.-இல் தொடங்கி, ஓட்டிப் பார்த்து, வேண்டுமானால் மேலும் எடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு டிராக்கில் ஒரே ஒரு வெட்டுதான் அனுமதி என்றால் இதைத்தான் செய்வேன். குறைவான ரப்பர் போகிறது, பட்டைக்குள் இருக்கும் துணிக்கோ ராட்டுக்கோ எந்தச் சேதமும் இல்லை, முதல் திருப்பத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. கெட்டிப் பனியில் விளிம்பில் ஏறி நிற்க முரண்டு பிடித்த வண்டி இயல்பாக உருண்டு சாயும்.

லக்கில் துளை போட்டு எடை குறைப்பதையும் பார்த்திருப்பீர்கள். மேல் பாதியில் சிறிய துளை பரவாயில்லை. அடிப்பாகத்தில் போட்டால் லக் அந்த இடத்தில் மடங்கி மடங்கி முறிந்து பறக்கும். பின்னால் வருபவர் முகத்தில்தான் போய் விழும்.

படி 6: ராட், ஓரம், கிளிப்

இங்கே நான் கொஞ்சம் கெடுபிடியாகவே சொல்கிறேன். ராட்டின் முனைகளை வெட்டிச் சுருக்கினால் ஓரம் நெகிழும் என்பது உண்மைதான். பனிச்சறுக்கு வண்டிகளில் ஸ்கீ-டூ பிராண்ட் ஃப்ளெக்ஸ்எட்ஜ் என்ற பெயரில், ராட்டை ஓரம் வரை நீட்டாமல் முன்பே நிறுத்திய டிராக்குகளையே விற்கிறது. ஆனால் அது அச்சிலேயே வார்க்கப்பட்டது, ராட்டின் முனை ரப்பருக்குள் புதைந்திருக்கும். நாம் வீட்டில் வெட்டும்போது ரப்பரைக் கிழித்து ராட்டை அறுக்கிறோம். கூரான முனை உள்ளேயே நிற்கும், ஒவ்வொரு சுற்றிலும் ரப்பரைக் குத்தும். நாலு நாளில் வெளியே வந்துவிடும். அதோடு கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஓரம் நெகிழ வேண்டும் என்றால், அடுத்த டிராக் வாங்கும்போது குறைந்த ராட் நீளமும் ஓர் அடுக்கு துணியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பட்டையின் ஓரத்தில் அரைவட்டமாகக் கடித்ததுபோல் வெட்டுவதும் வேண்டாம். பாறையோ மரவேரோ முதலில் உரசுவது அந்த ஓரத்தில்தான். முழு ஓரமே கிழியும் இடத்தில் வெட்டு வேறு வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கிளிப்புகளை ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் எடை குறையும். ஒரு கிளிப்பை எடை போட்டு எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ஆனால் கிளிப் ஸ்லைடுக்கு வழுக்குப் பாதை, டிராக் தடம் விலகாமல் பிடிக்கும் வேலி, ராட்டுக்குக் கவசம் என்று மூன்று வேலை செய்கிறது. பனி குறைவாக உள்ள பாதையில் ஸ்லைடு சூடாகி உருகும் தொல்லை ஏற்கெனவே இருந்தால் கிளிப்பில் கை வைக்காதீர்கள்.

படி 7: மாட்டுதல், ஓடவைத்தல்

மாட்டும் முன் எடை போட்டு, குழாயில் தொங்கவிட்டு அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். லக்கின் திசை சரியா என்று பாருங்கள். டிராக்கின் மேல் அம்புக்குறி இருக்கும்.

துளையிட்ட டிராக் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும். அதனால் டென்ஷனை மாட்டியவுடன் ஒரு தடவை, முதல் அரை மணி ஓட்டியபின் ஒரு தடவை, அன்றைய ஓட்டம் முடிந்ததும் ஒரு தடவை பாருங்கள். தளர்ந்தால் ஸ்ப்ராக்கெட் டிரைவ் லக்கின் மேல் ஏறிக் குதிக்கும், கடகடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் திராட்டிலை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குதிப்பும் டிரைவ் லக்கின் அடியைப் பிய்க்கிறது.

வண்டியைத் தூக்கி நிறுத்தி மெதுவாகச் சுற்றவிட்டு டிராக் நடுவில் ஓடுகிறதா என்று பார்க்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் ஒரு ரப்பர் வில்லைகூட நல்ல வேகத்தில் பறந்து வரும். கடும் குளிரில் ஓட்டும் முன்பும் இப்படிச் சில சுற்று மெதுவாக ஓடவிட்டு ரப்பரைத் தளர்த்திக்கொள்ளுங்கள். உறைந்து விறைத்த டிராக்கில் திடீரென்று முழு திராட்டில் கொடுத்தால், துளையின் விளிம்பில்தான் முதல் கீறல் விழும்.

பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தால் அதன் விதிமுறையில் டிராக் மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள். வாரன்டி இருக்கும் டிராக் என்றால், முதல் துளையோடு அது போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

படி 8: தொடர்ந்து பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டிராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, விரலைத் துளைகளின் விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்கு முன் விரல் கண்டுபிடித்துவிடும். வழவழப்பாக இருந்த விளிம்பில் ஒரு சொரசொரப்பு தட்டினால் அங்கே டிராக்கை மடக்கிப் பாருங்கள். மேல் ரப்பரில் மட்டும் உள்ள மயிரிழைக் கீறல் என்றால் சாக்பீஸால் அதன் முனையைக் குறித்து வையுங்கள். அடுத்த தடவை கீறல் குறியைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது என்று அர்த்தம். கீறல் துணி வரை இறங்கியிருந்தாலோ, பக்கத்துத் துளையை நோக்கியோ ராட்டை நோக்கியோ போயிருந்தாலோ ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள், டிராக்கை மாற்றிவிடுங்கள். முழு வேகத்தில் அறுந்த டிராக், அதை மேலே மூடியிருக்கும் டனலையும் செயின் கவரையும் கிழித்துக்கொண்டு போகும், சில நேரம் ஓட்டுபவரின் காலையும்.

பருவம் முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பல மாதம் ஒரே வளைவில் நின்ற டிராக் அந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் இடையில் எப்போதாவது போகும்போது கையால் கால் சுற்று உருட்டிவிட்டு வாருங்கள்.